ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நிற்கவில்லை

உயிரே போனாலும் என் டப்பாக்களைப் பழைய இரும்புக்குப் போட விடமாட்டேன் என்று அன்று காலை முடிவு செய்தேன்.

பால்கனி முழுக்கத் தகர டப்பாக்கள். எண்ணெய் டப்பா, பால்பவுடர் டப்பா, எதற்கு வந்ததென்று எனக்கே தெரியாத டப்பா. என்றைக்காவது உதவும் என்று கல்யாணமான நாளிலிருந்து சேர்க்கிறேன். என் மனைவிக்கோ அங்கே ஒரு நாற்காலி போட்டு நிம்மதியாக டீ குடிக்க வேண்டுமாம்.

"ஏங்க, பழைய இரும்புக்காரர் வந்திருக்காரு. போட்டுரலாமா?"

"என்னை வேணா போடு. டப்பாவைத் தொடாதே."

"உங்களை எடுத்துக்கறீங்களான்னு கேட்டுப் பாத்தாச்சு. அவரு வேண்டாம்னுட்டாரு."

"அதெல்லாம் எவ்வளவு உபயோகமான பொருள் தெரியுமா?"

"என்ன உபயோகம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

ஒரு டப்பாவை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். நல்லவேளை, மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, என் பிறந்தநாளுக்கு ஒட்டகச்சிவிங்கி பிஸ்கட் வேணும். கடையில அந்த உருவத்துல பிஸ்கட் வெட்டுற அச்சே இல்லையாம்."

"டப்பாத் தகட்டுல அப்பா செஞ்சு தரேன்டா செல்லம்!"

"உங்களால ஆகாதுங்க" என்றாள் மனைவி.

"ஆச்சுன்னா?"

"இனிமே டப்பா பேச்சையே எடுக்கல."

தகடு வெட்டக் கத்தரி வேண்டுமே என்று நான் யோசிப்பதற்குள் புதுக் கத்தரி ஒன்றை நீட்டினாள். எனக்குச் சந்தேகம் வரவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள்.

எண்ணெய் டப்பாவை நீளப் பட்டையாக வெட்டினேன். கையைக் கிழிக்காமல் இருக்க ஒரு விளிம்பை மடித்தேன். குறடால் ஒட்டகச்சிவிங்கி வடிவத்துக்கு வளைத்தேன். பிஸ்கட் மாவில் அழுத்தி வெட்டி ஓவனில் வைத்தோம். வெளியே வந்தபோது தலைகள் தனி, உடம்புகள் தனி.

"கழுத்து நிக்கலையே. குழந்தைங்க பயந்துடாதா?"

ஒருமுறை வளைந்த தகடு மறுபடி நிமிராது. வேறு டப்பா கேட்டேன். அவளே ஓடிப் போய் எடுத்து வந்தாள். கழுத்தைப் பருமனாக்கினேன்.

"பசு மாடு பிரமாதங்க."

"ஒட்டகச்சிவிங்கிடி!"

"அப்படியா? கறக்கலாம் போல இருக்கே."

அடுத்த டப்பா. வால் இல்லை என்றாள். அடுத்தது. கால் குட்டை என்றாள். அதற்கடுத்தது எல்லாம் சரிதான், ஆனால் பார்க்கக் கோபமாக இருக்கிறது என்றாள். வெறும் ஓரக்கோட்டில் கோபம் எங்கிருந்து வரும்? எனக்குத்தான் வந்தது. வெட்டினேன், மடித்தேன், வளைத்தேன். நான் கையை நீட்டுவதற்குள் டப்பா வந்துகொண்டே இருந்தது. துண்டு துணுக்குகளை அவளே கூட்டி அள்ளிக்கொண்டாள்.

மத்தியானம் வந்தது பாருங்கள் ஒன்று! நின்ற கழுத்து, நீண்ட கால், ஒரு வால். மகள் குதித்தாள். மனைவி ஒரு பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒத்துக்கறேங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

இத்தனை வருஷத்தில் அவள் வாயால் இதைக் கேட்பது முதல் தடவை. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தால் அவளைக் காணோம். பிஸ்கட் நமத்துப் போகுமுன் போட்டு மூட என் டப்பாக்களில் ஒன்றையே எடுப்போம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

பால்கனி காலி. பெருக்கித் துடைத்த தரையில் ஒரு நாற்காலி. அதில் காலை நீட்டிக்கொண்டு, கையில் டீயோடு, என் மனைவி.

"டப்பா எல்லாம் எங்கேடி?"

"நீங்கதானே எல்லாத்தையும் ஒட்டகச்சிவிங்கி ஆக்கினீங்க? துண்டெல்லாம் இரும்புக்காரர்கிட்ட போயாச்சு." ஒரு வாய் டீ குடித்தாள். "கடைசியா செஞ்சதுலயும் ஒரு கால் கோணல்தாங்க. வெட்ட வேற டப்பா இல்ல, அதான் ஜெயிக்க விட்டேன்."