சகஜமாகச் சாப்பிடச் சென்ற குழு

நெருப்பைக் கண்டுபிடித்த நாளில் மனித நாகரிகம் தொடங்கியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். தவறு. அந்த நெருப்புக்கு அனுமதிச் சான்றிதழ் கொடுக்க ஒரு குழு அமைத்தார்களே, அன்றைக்குத்தான் தொடங்கியது. அதுவரை மக்கள் கண்ட இடத்தில் கண்டபடி சமைத்துச் சாப்பிட்டு, யாருக்கும் தகவல் தராமலே ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவின் கடைசி உறுப்பினன் நான் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் நகரத்தின் நடுவீதியில் சமீப காலமாக மதிய உணவகங்கள் சரமாரியாகத் திறக்கின்றன. குடை விற்ற கடையில் சூப் விற்கிறார்கள். வங்கி இருந்த கட்டடத்தில் சாலட் விற்கிறார்கள். பழைய பெட்டக அறைக்குள் வெள்ளரிக்காய் பத்திரமாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் 'சகஜ உணவகம்' என்று பெயர். சகஜம் என்றால் மேஜை விரிப்பு கிடையாது, ஒரு நாற்காலிக்கும் இன்னொரு நாற்காலிக்கும் சம்பந்தம் கிடையாது, கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள்.

இந்த வளர்ச்சியின் சிகரம் 'பார்பிக்யூ'. மேஜையின் நடுவே தணல் அடுப்பு. அதன் மேல் கம்பி வலை. கோழித் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுக்குவது, திருப்புவது, எடுப்பது எல்லாம் சாப்பிட வந்தவர் பொறுப்பு. இதையே வீட்டில் செய்தால் வேலை, இங்கே செய்தால் 'அனுபவம்'.

அப்படி ஒரு அனுபவத்தைத்தான் என் அக்கா திறக்க இருந்தாள். அவளும் மாமாவும் பார்த்த வேலையை விட்டுவிட்டு, வருஷக்கணக்காகப் பேசிப் பேசி, ஒருவழியாக நடுவீதியில் இடம் பிடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது. பாக்கி எங்கள் குழுவின் சான்றிதழ் மட்டும்.

சொந்தக்காரர் கடையை ஆய்வு செய்ய நேர்ந்தால் உறுப்பினர் விலகிக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. விலக அனுமதி கேட்டு எழுதினேன். அனுமதி கிடைக்கும்வரை விலகக் கூடாது என்று பதில் வந்தது. நான் விதிகளை மதிப்பவன். விலகவில்லை.

கல்யாணம் ஆகாத எனக்கு ராத்திரிச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். ஆய்வுக்கு முதல் நாள் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"நீ எங்களுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டாம்டா. வந்து உட்காரு. வெந்ததும் எடுத்துச் சாப்பிடு. நீ எடுத்தா மத்தவங்களும் எடுப்பாங்க. அவ்வளவுதான். முடியுமில்ல?"

"என்னக்கா இது, சாப்பிடறதுக்குக்கூடவா சொல்லித் தரணும்?" என்றேன், மூன்றாவது முறை தட்டை நீட்டியபடி.

மறுநாள் குழு புறப்பட்டது. தலைவர், துணைத் தலைவர், பொறியாளர், நான். பொறியாளர் முதல் வேலையாகச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியைப் பரிசோதித்தார். மிக நல்ல நிலையில் இருந்தது. அது என்றென்றும் அதே நிலையில் இருக்க வேண்டும் என்பதற்காகக் கயிறு கட்டி அரக்கு முத்திரை வைத்தார். முத்திரையை உடைக்கும் அதிகாரம் தலைவருக்கு மட்டுமே உண்டு.

பிறகு மேஜையில் உட்கார்ந்தோம். தணல் சிவந்திருந்தது. அக்கா கோழித் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்களே வலையில அடுக்கிக்கலாம் சார். ஒரு பக்கம் வெந்ததும் இடுக்கியால திருப்பிப் போடுங்க. சீக்கிரம் வெந்துடும், பாத்துக்குங்க."

யாரும் அசையாததைப் பார்த்து அவளே அடுக்கிவிட்டுப் போனாள்.

தலைவர் புன்னகை செய்தார். "இன்னிக்கு நான் தலைவரும் இல்ல, நீங்க ஊழியர்களும் இல்ல. எல்லாரும் சகஜமா இருங்க."

சகஜமாக இருக்கும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும் நாங்கள் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"எடுங்க, திருப்புங்க," என்றார் தலைவர்.

"நீங்க தொடாம நாங்க எப்படி சார்?" என்றார் துணைத் தலைவர்.

"பரவாயில்ல, நீங்க முதல்ல."

"ஐயையோ, அது முறையா சார்?"

இடுக்கி மேஜையைச் சுற்றி வந்தது. தலைவர் துணைத் தலைவரிடம் கொடுத்தார். அவர் பொறியாளரிடம். பொறியாளர் என்னிடம். என் கைக்கு வந்தது. கோழி பொன்னிறமாக இருந்தது. வாசனையில் எச்சில் ஊறியது. அக்கா கல்லாவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து, இரண்டு கைகளாலும் இடுக்கியைத் தலைவரிடமே சமர்ப்பித்தேன். அலுவலகத்தில் எத்தனையோ கோப்புகளைத் திருப்பி அனுப்பியவர்கள் நாங்கள். ஒரு கோழித் துண்டைத் திருப்பிப் போட எங்களில் ஆளில்லை.

"சார், புகை வருது," என்றார் பொறியாளர்.

"குறிச்சுக்குங்க," என்றார் தலைவர்.

குறித்துக்கொண்டேன்.

"டேய், திருப்புடா! கரியுது!" என்று அங்கிருந்தே கத்தினாள் அக்கா.

ஆய்வின்போது நான் 'டேய்' அல்ல, உறுப்பினர். ஆகவே திரும்பிப் பார்க்கவில்லை.

கொழுப்பு உருகித் தணலில் சொட்டியது. குபுக்கென்று பற்றியது.

"சார், தீ."

"எந்த நிலை?"

"ஆரம்ப நிலை சார்."

"அப்ப நேரம் இருக்கு. பதட்டப்படாதீங்க."

காகிதக் கைத்துடைப்பான்கள் பற்றின. அடுத்து, மரியாதைக்காகத் தலைவரை நோக்கிக் குனிந்திருந்த துணைத் தலைவரின் டை பற்றியது. அவர் குனிந்தபடியே, "சார், நான் கொஞ்சம் எழுந்துக்கலாமா?" என்று கேட்டார். தலைவர் யோசித்தார். பொறியாளர் ஓடிப்போய்த் தீயணைப்புக் கருவியின் அருகில் நின்று, "முத்திரை சார், முத்திரை!" என்று அலறினார். தலைவர் இன்னும் முந்தைய கேள்வியிலேயே இருந்தார்.

அக்கா வந்தாள். துணைத் தலைவரின் டையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர்க் குடுவைக்குள் முக்கினாள். பெரிய பாத்திர மூடியை எடுத்து அடுப்பின் மேல் கவிழ்த்தாள். தீ அடங்கியது. மூடியைத் தூக்கிப் பார்த்தால், கோழி எது, கரி எது என்று பெற்ற கோழிக்கே தெரியாது.

"ஒரு துண்டு," என்றாள் என்னைப் பார்த்து. "ஒரே ஒரு துண்டு எடுத்திருக்கக் கூடாதாடா?"

அவள் கண் கலங்கியிருந்தது. புகையினால் என்று குறித்துக்கொண்டேன்.

அறிக்கையை எழுதும் பாக்கியம் எனக்கே கிடைத்தது. அதிலிருந்து சில வரிகள்: 'தீத்தடுப்பு வல்லுநர்கள் நால்வர் அதே மேஜையில் அமர்ந்திருந்தும் தடுக்க முடியாத அளவுக்கு மேற்படி அடுப்பு அபாயகரமானது. மேலும் உரிமையாளர், குழுவின் முன் அனுமதியின்றித் தீயை அணைத்துள்ளார். அரசு முத்திரை மட்டும் சேதமின்றிக் காப்பாற்றப்பட்டது. சான்றிதழ் மறுக்கப்படுகிறது.'

நடுவீதியின் மற்ற பார்பிக்யூ கடைகளுக்கு நாங்கள் நேரில் போகாமலே சான்றிதழ் கொடுத்தோம். குழு காலடி வைக்காத எந்தக் கடையிலும் இதுவரை தீப்பிடித்ததில்லை என்பதைப் பொறியாளர் புள்ளிவிவரத்தோடு நிரூபித்தார். தலைவர் என் முதுகில் தட்டி, "நல்ல தமிழ்ல எழுதியிருக்கீங்க," என்றார். எனக்குப் பெருமையில் பசியே மறந்துவிட்டது.

ஆனால் ராத்திரி அது ஞாபகம் வந்தது. வழக்கம்போல அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை வர வேண்டாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்ததால் அடுக்களைக்குள் போய் உட்கார்ந்தேன்.

அக்கா என் முன்னால் தட்டை வைத்தாள். குழம்பு கொதித்து இறக்கிய மணம் வந்தது. பாத்திரத்தை மூடியிருந்தது, மத்தியானம் தீயை அணைத்த அதே மூடி. அவள் அதைத் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பசிக்குதுக்கா."

"தெரியுது. உங்க தலைவர் சாப்பிட்டுட்டாரா?"

"தெரியலையே."

"கேட்டுட்டு வா. அவர் சாப்பிடாம நீ எப்படிச் சாப்பிடுவ? அது முறையா?"

நான் போனை எடுத்தேன்.

அக்கா தட்டை எடுத்தாள்.