எல்லினோருக்கு இரண்டாம் முறை அடித்த மணி

லுண்டெஹோல்ம் தீவு,
நவம்பர் கடைசி.

அன்புள்ள மருமகன் எஸ்பெனுக்கு,

உன் மாமா தோர்கில்ட் எழுதுவது. முழங்கால் வலி நீங்கலாக நானும் உன் அத்தை பிர்தாவும் சுகம். ஆர்ஹூஸில் நீயும் உன் மனைவியும் குழந்தையும் முழங்கால் உட்பட எல்லாச் சுகத்தோடும் இருக்க வேண்டும்.

மரியாதை இவ்வளவு போதும். உடனே படகேறி வந்து, தேவாலயத்தில் நீ பொருத்திவிட்டுப் போன இரண்டு சர்வர்களையும் எடுத்துக்கொண்டு போய்விடு. ஒற்றை மணியை அடிக்க ஒரு கணினி போதாதா என்று சபைக் கூட்டத்திலேயே கேட்டேன். "ஒண்ணு செத்தா இன்னொண்ணு எழுந்துக்கும் மாமா, உங்க மணி நிக்கவே நிக்காது" என்றாய். நிற்கவில்லை என்பதுதான் இப்போது என் புகார்.

மாதத் தொடக்கத்துப் புயலில் மின்சாரம் போய்விட்டு வந்ததா, அதில் முதல் சர்வர் விழுந்து இரண்டாவது எழுந்துகொண்டது, அது யாருக்கும் தெரியாது. மறுநாள் முற்பகல் நான் கம்பு ரொட்டிமேல் மீனை வைத்துக்கொண்டிருக்கிறேன், சாவு மணி அடிக்கிறது. இந்தத் தீவில் யார் செத்தாலும் மணிக்கு முன்னால் பிர்தாவுக்குத் தெரிந்துவிடும், அவளே முழிக்கிறாள். கிழவர் ஆக்ஸெல்தான் போய்விட்டார் என்று முடிவுகட்டி, மூன்று பெண்கள் ஆளுக்கொரு கேக்கோடு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவரே கதவைத் திறந்து, "இன்னும் சாகல. கேக்கை வச்சிட்டுப் போங்க" என்றாராம்.

சிரித்தோம். அடுத்த வாரம் மறுபடி அடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. நல்ல மூடுபனி. எல்லோரும் வீட்டு வாசலில் நின்று, தங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்களா என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் சிக்னே என் கையைப் பிடித்தாள். "தோர்கில்ட், போன வருஷம் இதே தேதி, இதே நேரம், இங்கர் டீச்சரை அடக்கம் பண்ணேன். போன வாரம் அடிச்சது பேக்கரி ஹோல்கரோட மணி."

அப்புறம்தான் உனக்குப் போன் செய்தேன். நீயானால் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்கிறாய்: "பயப்படாதீங்க மாமா. மணி அட்டவணை இருக்கிறது பொது டிஸ்க்ல. ரெண்டு சர்வர்லயும் அங்க போறதுக்கு ஒரு கைகாட்டி மட்டும்தான் இருக்கணும், சிம்லிங்க்னு சொல்லுவோம். ரெண்டாவதுல நான் கைகாட்டிக்குப் பதிலா போல்டரையே நகல் எடுத்து வச்சிட்டேன் போல. அது போன வருஷத்துலயே நின்னுபோச்சு. அதுக்குத் தேதிதான் தெரியும், வருஷம் பார்க்கத் தெரியாது. அத அழிச்சிட்டு லிங்க் போட்டா முடிஞ்சது, நான் சொல்லச் சொல்ல அடிங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். வாசலில் வில்லாட்ஸ் நிற்கிறான், ஊன்றுகோலும், மனைவி போனதிலிருந்து கழற்றாத கறுப்புக் கோட்டுமாக.

"தோர்கில்ட், அடுத்தது வியாழக்கிழமை. என் எல்லினோர்."

"தெரியும்ப்பா. அதுக்குள்ள சரி பண்ணிடுறேன்."

"பண்ணாத. போன வருஷம் இடுப்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தேன். அவ மணிய நான் கேக்கவே இல்ல."

லைன் சரியில்லை என்று உன்னிடம் சொல்லிவிட்டு வைத்தேனே, அது இதனால்தான். லைன் நன்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை வரச்சொல்லி யாரையும் அழைக்கவில்லை. எல்லோரும் கறுப்பு உடுத்தி வந்துவிட்டார்கள். ஜெபம் இல்லை, பாட்டு இல்லை. எந்த ஜெபத்தைச் சொல்வது என்று சிக்னேவுக்கும் தெரியவில்லை. மூடுபனியில் கோபுரமே கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் மேலேயிருந்து இறங்கியது. வில்லாட்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு, பக்கத்து அறையில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவன்போலத் தலையைச் சாய்த்து நின்றான். மணி நின்றதும், "சரி, இப்பத்தான் போனா" என்றான். பிறகு எல்லோருமாகக் காப்பி குடித்தோம். அதிகம் கேக் தின்றது ஆக்ஸெல்.

வில்லாட்ஸ் இப்போது நன்றாகத் தூங்குகிறானாம். நான்தான் தூங்குவதில்லை. போன வருஷம் டிசம்பரில் செத்தவர்களின் வீட்டுக்காரர்கள் இப்போதே வந்து, "எங்காளுக்கு என்னைக்கு?" என்று கேட்கிறார்கள். செத்தவர்களை ஒருமுறை புதைப்பதே சபைக்குப் போதுமான வேலை. ஆகவே வந்து எடுத்துக்கொண்டு போ.

நீ வரும் அன்று கடல் அலையின்றி இருக்கட்டும், உன் பிள்ளைக்குப் பல் வலியின்றி முளைக்கட்டும். அத்தை உனக்குப் பின்னிய காலுறை காத்திருக்கிறது.

உன் மாமா,
தோர்கில்ட்

பி.கு.: வர வேண்டாம். உறையை ஒட்டுமுன், நீயே நம்பும்படி பெயர்ப் பட்டியலையும் எழுதலாமென்று அந்த நகல் போல்டரைத் திறந்து பார்த்தேன். ஹோல்கர் இருக்கிறார். இங்கர் டீச்சர் இருக்கிறார். அதோடு முடிந்துவிட்டது, எல்லினோர் பெயரே இல்லை. சிக்னேவையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் இரண்டு முறை மேலும் கீழும் தேடிவிட்டாள். போன வருஷம் நீ அந்த நகலை எடுத்த நாளை நினைத்துப் பார், எஸ்பென். அன்று நீ படகுக்குப் போகுமுன் உனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தது எல்லினோர்தான்.