கார் வீட்டில் ஆயுத பூஜை

மேற்கு மாம்பலம்

அன்புள்ள மைத்துனர் அசோகன் அவர்களுக்கு,

ரகுபதி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா செண்பகமும் சௌக்கியம், காரும் சௌக்கியம். தஞ்சாவூரில் நீங்கள் எல்லாரும் அப்படியே இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

மலிவாகப் பெட்ரோல் கிடைத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது, காரைக் கொடுத்துவிடுங்கள், என் நண்பர் வாங்கத் தயார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எங்கள் தெருவில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. வாங்கிய பொருள்தான் பெயர். எதிர்வீடு ஏசி வீடு, மூலைவீடு லிஃப்ட் வீடு, நாங்கள் கார் வீடு. காரைக் கொடுத்துவிட்டால் கூரியர்காரரிடம் எந்த வீடு என்று சொல்வது? பெட்ரோல் விற்கிற விலையில் நான் பஸ்ஸில்தான் போகிறேன் என்பது உண்மை. ஆனால் எங்கள் தெருக்காரர்கள் கண்ணில் படாமல் அடுத்த தெரு வரை நடந்து போய்த்தான் ஏறுகிறேன்.

போன வாரம் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் நினைவு வந்தது, டேங்க்கில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. சக்கரம் பழத்தை நசுக்காமல் பூஜை எப்படி முடியும்? தெருவே வேடிக்கை பார்க்கிறது. நல்லவேளை, வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்தியபோது வாசலில் ஒரு சரிவு போட்டிருந்தோம். முருகா என்று ஹேண்ட் பிரேக்கை விட்டேன். வண்டி சத்தமே இல்லாமல் ராஜா மாதிரி இறங்கியது. நாலு பழமும் நசுங்கின. ஸ்டியரிங்கை ஒடித்தேன், மதில் ஓரமாகப் போய் நின்றது.

இஸ்திரி போடும் குப்பன் ஓடி வந்தார். “இன்னா சார், சத்தமே காணோம்! கரண்ட் வண்டியா மாத்திக்கினீங்களா?”

நான் பொய் சொல்லவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். அதற்குள் செய்தி தெருக்கோடிக்குப் போய்விட்டது. பெருமையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, மறைப்பானேன். ஆனால் இறங்கிய வண்டி மறுபடி ஏற வேண்டாமா? தள்ளச் சொல்லி யாரையாவது கூப்பிட்டால் குட்டு வெளிப்படும். அதனால் செண்பகத்தின் கிரைண்டருக்குப் போட்டிருந்த நீள வயரை ஜன்னல் வழியாக இழுத்து, பெட்ரோல் மூடியைத் திறந்து, சார்ஜ் ஏறுகிற மாதிரி உள்ளே செருகிவிட்டேன். பயப்படாதீர்கள், வயரில் கரண்டும் இல்லை, டேங்க்கில் பெட்ரோல் வாசனையும் இல்லை. “ஏங்க, மாவு அரைச்சு ஒரு வாரம் ஆச்சு, உங்க காருக்கு இன்னும் சார்ஜ் ஏறலையா?” என்று உங்கள் அக்கா தெருவுக்கே கேட்கும்படி கேட்கிறாள். தினமும் உப்புமாதான். கௌரவத்துக்காக உப்புமா சாப்பிடுவதில் தப்பே இல்லை.

தெரு நலச் சங்கச் செயலாளர் ஷாஹுல் ஹமீது நேற்று வீட்டுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “பெட்ரோல் இல்லாம எப்படிக் காலம் தள்ளுறதுன்னு நாங்க முழிச்சுக்கிட்டிருக்கோம். நீங்க செஞ்சே காட்டிட்டீங்க சார். மாசக் கடைசி கூட்டத்துல நீங்கதான் பேசணும்.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீஸில் இருந்த காலமெல்லாம் என்னை யாரும் பேசச் சொன்னதில்லை. பெட்ரோல் வாங்க வழியில்லாதவனை, பெட்ரோலே வேண்டாம் என்றவனாக்கிவிட்டார்கள். இந்த நேரத்தில் காரைக் கொடுப்பதா? ஒருநாளும் மாட்டேன் என்று நண்பரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் துணைவியாருக்கு எங்கள் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, பேர் சொல்லும்படி இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
கார் வீட்டு ரகுபதி

பி.கு.: கூட்டம் முடிந்ததும் எல்லாரையும் வண்டியில் ஒரு ரவுண்டு அழைத்துப்போக வேண்டும் என்று ஷாஹுல் ஹமீது இப்போதுதான் சொல்லிவிட்டுப் போகிறார். உங்கள் நண்பரை அதற்கு முன்பே வரச் சொல்லுங்கள். கொடுக்கிறதை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, கேனில் பெட்ரோல் கொண்டு வர வேண்டும். தள்ளிக்கொண்டோ, கயிறு கட்டி இழுத்துக்கொண்டோ போகக் கூடாது. இன்ஜின் சத்தம் கேட்டால் தெருவுக்கு எல்லாம் தெரிந்துவிடும், தெரியட்டும். என் வண்டி ஓடித்தான் இந்தத் தெருவை விட்டுப் போக வேண்டும். முனை திரும்பும்போது ஒரே ஒரு தடவை ஹாரன் அடிக்கச் சொல்லுங்கள். நான் மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.