ப்ராசசரின் பெயரைப் படித்த கதை

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை என்று சொன்னால் போதும், அங்கே நாம் சம்பளக் கணக்குப் போடும் ஆளா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. பிரிண்டர் முதல் வாஷிங் மெஷின் வரை எல்லாம் நம் தலையில்தான். கல்யாணமான புதிதில் எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. (கொழுப்பு!)

மாமனார் வீடு சேலையூரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பிரியாணிக்குக் காத்திருந்தோம். மச்சினி ஜெனிஃபர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். பொத்தேரியில் இன்ஜினியரிங் படிக்கிறாள். மறுநாள் ப்ராஜெக்ட் ரிவ்யூ. கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்ட வேண்டும். அது கிளம்பவே மாட்டேன் என்றது.

"அத்தான், 'விர்ச்சுவலைசேஷன் இல்ல'ன்னு எரர் வருது. நம்ம ப்ராசசர்ல அந்த வசதி இருக்கான்னு எப்படிப் பார்க்கறது?"

"மாப்ள இருக்காருல்ல, பார்த்துடுவாரு" என்றார் மாமனார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "ப்ராசசர் மேலயே பேர் போட்டிருக்கும்மா. ஸ்க்ரூடிரைவர் கொண்டா" என்றேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரின் பெட்டியைத் திறந்தால், ப்ராசசர் மேல் ஃபேனும் அலுமினியக் கட்டியும் ஏறி உட்கார்ந்திருந்தன. கிளிப்பை நீக்கி இழுத்தேன். வரவில்லை. குடும்பமே பார்க்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். 'டப்!' கட்டியோடு ஒட்டிக்கொண்டு ப்ராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்தது. நான் சோபாவில் போய் விழுந்தேன். ப்ராசசரின் அடியிலிருந்த ஊசிக் கால்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன.

அசரவில்லையே! கட்டியிலிருந்து அதைப் பெயர்த்து, மேலே அப்பியிருந்த பசையை மாமனாரின் கைக்குட்டையில் துடைத்து, பெயரை உரக்கப் படித்தேன். ஜெனிஃபர் போனில் தேடினாள்.

"அத்தான், இதுல அந்த வசதி இருக்காம்! செட்டிங்ஸ்ல ஆன் பண்ணியிருந்தா போதுமாம்!" என்று குதித்தவள், என் கையிலிருந்ததைப் பார்த்து நின்றாள். "ஆமா... பேரு ஸ்க்ரீன்லயே வந்திருக்குமே?"

மாமியார் மட்டும், "பரவால்ல தம்பி, திரும்ப மாட்டிடுங்க" என்றார். வளைந்த கால்களோடு அது எங்கே உட்காரும்? பிரியாணியைத் தொடாமல், ஜெனிஃபரையும் பென்டிரைவையும் பைக்கில் ஏற்றிப் பொத்தேரிக்குப் பறந்தேன். தோழியின் லேப்டாப்பில் ப்ராஜெக்ட் ஓடியது. மறுநாள் ரிவ்யூவில் பாராட்டும் கிடைத்தது. கம்ப்யூட்டர் மட்டும் பிழைக்கவில்லை.

போன வாரம் மாமனார் காது சரியாகக் கேட்கவில்லை என்றார். "என்னன்னு பார்க்கட்டுமா மாமா?" என்று பக்கத்தில் போனேன். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"வேணாம் மாப்ள. இதோட பேரு காது. எனக்கே தெரியும்."