முதல் குழியின் பென்னி

நெதர்டன்,
மார்ச் 9

மதிப்பிற்குரிய திரு. மால்கம் டிராண்டர் அவர்களுக்கு, தங்கள் தம்பி நெவில் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இடது முழங்காலும் மழையும் வழக்கம்போல இருக்கிறோம். தாங்களும் தங்கள் முதுகும் சுகம் என்று நம்புகிறேன். பன்னிரண்டு வருடம் ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுவது அன்பினால் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பாவின் மரப்பெட்டிதான் காரணம். வெஸ்டனில் கடலைப் பார்த்த சின்ன வீட்டுக்குக் குடிபோகிறீர்களாம். பெட்டிக்கு அங்கே இடமில்லையாம். வரும் சனிக்கிழமை அதை ஒரு மீன்பிடிக்கிறவர் வாங்கிப் போய்த் தூண்டில் முட்களைப் போட்டு வைக்கப்போகிறாராம். கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா தம் உயிலில், தாம் சேகரித்த பழைய டோக்கன் காசுகளை எனக்கும், அவை காசுக்கொரு குழியாகத் தட்டுகளில் இருந்த பெட்டியைத் தங்களுக்கும் எழுதிவைத்தார். வாசிக்கும்போது வக்கீல் இருமினார். அது சிரிப்பு என்பது இத்தனை வருடம் கழித்துப் புரிகிறது. இரண்டு பேரும் ஒன்றாக உட்காராமல் இதை அனுபவிக்க முடியாது என்று கிழவர் கணக்குப் போட்டிருக்கிறார். நாமோ அவரைவிடக் கெட்டிக்காரர்கள். நான் இருநூற்றுப் பதினோரு டோக்கன்களை பிஸ்கட் டின்களில் அள்ளிக்கொண்டு வந்தேன். தாங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு வெறும் குழிகளைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அந்த ஒன்று எங்கே என்பதுதான் சண்டை. முதல் தட்டின் முதல் குழியில் இருந்த 1812ஆம் வருடத்துப் பென்னி. அரசாங்கச் சில்லறை கிடைக்காத காலத்தில் ஊர் ஆணிப்பட்டறை முதலாளி தானே செம்பில் அடித்து, நம் முப்பாட்டனுக்குக் கூலியாகக் கொடுத்தது. முப்பாட்டன் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிச் சோதித்ததில் விளிம்பில் விழுந்த வெட்டு வேறெந்தக் காசிலும் கிடையாது. அப்பா சேகரிக்கத் தொடங்கியதே அந்த ஒன்றிலிருந்துதான். வக்கீல் வீட்டு வாசலிலேயே நான் தங்களைத் திருடன் என்றேன். "மொதல்ல உன் வீட்டுல தேடுடா" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் காரில் ஏறிப் போய்விட்டீர்கள். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

எனக்கு வேறு வருத்தம் இல்லையென்று நினைக்க வேண்டாம். என் கல்யாண விருந்தில் ஏழு நிமிடம் பேசினீர்கள், அதில் ஐந்து நிமிடம் நான் எட்டு வயதில் கால்வாயில் விழுந்த கதை. குதித்து இழுத்துப் போட்டது யார் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த அடக்கத்தையும் நான் கர்வமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் நம் சமையலறை மேஜை ஒரு கால் குட்டையாகி ஆடும். தாங்கள் எதிரே உட்கார்ந்து வேண்டுமென்றே முழங்கையை ஊன்ற, தங்கள் டீ என் மடியில் கொட்டும். அதையும் மறக்கவில்லை. அப்பாவுக்குப் பிறகு என்னிடம் வந்த அந்த மேஜையில்தான் இதை எழுதுகிறேன். நாம் வீட்டைவிட்டுப் போன பிறகு அப்பா அதைச் சரிசெய்துவிட்டார். என் வீட்டில் நேராக நிற்பது இன்று அது ஒன்றுதான்.

போன மாதம் எங்கள் டோக்கன் சங்கத்தில் நான் அவற்றைக் காட்சிக்கு வைத்தேன். "இது எங்க கெடைச்சது நெவில்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். யாரிடம், எந்த ஊரில், எப்போது வாங்கியது என்று அப்பா எழுதிய வட்டச் சீட்டுகள் எல்லாம் தங்கள் குழிகளில் அல்லவா கிடக்கின்றன? இருநூற்றுப் பதினோரு முறை "தெரியாது" என்றேன். பிறகு வெட்கத்தை விட்டு, சங்கச் செயலாளர் ஷீலா ஹிங்லியைப் பெட்டி வாங்க வந்தவர்போலத் தங்களிடம் அனுப்பினேன். அவர் திரும்பி வந்து சொன்னது இது:

"கதவைத் திறந்ததுமே 'நெவில் அனுப்பினானா'ன்னாரு. சத்தியமா இல்லைன்னேன். டீ குடுத்தாரு. குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாத்துட்டு, 'டோக்கனைப் பிடிக்கிற மாதிரி கோப்பையை ஓரத்துல மட்டும் பிடிக்கிறீங்களேம்மா, நீங்க சங்கத்து ஆளுதான்'னு சிரிக்கிறாரு. நான் என்ன பண்ண?"

"பெட்டி எப்படி இருக்கு?"

"ஒரு குழியில தூசி இல்ல. வாராவாரம் சீட்டை எடுத்துத் துடைச்சுத் திரும்ப வைக்கிறாராம். உங்க அண்ணனுக்கும் கிறுக்குதான்."

முதல் குழிச் சீட்டின் பின்பக்கத்தையும் அவர் பார்த்துவிட்டு வந்தார். அப்பாவின் கையெழுத்தில் "வேலைக்குப் போயிருக்கிறது" என்று இருக்கிறதாம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நீ கராஜ் தொடங்கக் கையில் எதுவும் இல்லாமல் திண்டாடியபோது அப்பா அந்தப் பென்னியைக் கொடுத்திருக்கிறார், நீ விற்றிருக்கிறாய், உன்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் கிழவர் இப்படி எழுதி மறைத்திருக்கிறார். தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது, இனி நீதான். சலுகை என்று எடுத்துக்கொள்ளாதே. நான் கேட்பது ஒன்றே ஒன்று. சனிக்கிழமைக்குள், எடுத்தது நான்தான் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. மன்னித்துவிடுவேன். மன்னிக்கத் தயாராக உட்கார்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது மால்கம், நீ ஒப்புக்கொள்ளாததால் அது வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது. நேரில் வரவேண்டாம்.

கடற்காற்று உன் முதுகுக்கு ஒத்துக்கொள்ளட்டும். புது வீட்டில் கூரை ஒழுகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெவில் டிராண்டர்

பி.கு: கடிதத்தை மடிக்கும்போது பேனா மூடி உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. முழங்காலைத் திட்டிக்கொண்டே தவழ்ந்து போனேன். சுவர்ப்பக்கத்துக் குட்டைக் காலின் அடியில் அரக்கு; அரக்குக்கு நடுவே செம்பு விளிம்பு; விளிம்பில் முப்பாட்டனின் சுத்தியல் வெட்டு. பன்னிரண்டு வருடமாக அதன்மேல் கையூன்றிக்கொண்டு உன்னைத் திட்டியிருக்கிறேன்.

மேலே திருடன் என்று எழுதிய இடங்களை அடிக்க நேரமில்லை, தபால் எடுப்பது ஐந்தரைக்கு. திரும்ப எழுத உட்கார்ந்தால் அனுப்பவும் மாட்டேன், என்னை உனக்குத் தெரியும். மீன்பிடிக்கிறவரிடம் பெட்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடு, அதற்கு என் வீட்டில் இடம் இருக்கிறது. சனிக்கிழமை முதல் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வா. இந்த மேஜையைத் தூக்கிப் பார்க்க ஒரு ஆளால் ஆகாது; ஒருவர் தூக்கிப் பிடிக்க, ஒருவர் குனிய வேண்டும். உனக்கு முதுகு, எனக்கு முழங்கால், யார் எது என்று வந்து சண்டை போட்டுக்கொள்ளலாம். பார்த்துவிட்டு மறுபடியும் அங்கேயே வைத்துவிடுவோம். எடுத்துவிட்டால் உன் டீ என் மடியில்தான் கொட்டும்.