மூன்று மணி நேரம் தேய்த்த சட்டி

பிரிக்பீல்ட்ஸ்,
6.1.1987, செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அய்யாவு அவர்களுக்கு,

தங்கள் தங்கை சீதாலெட்சுமியின் கணவன் தம்புசாமி வணக்கம் சொல்லி எழுதுவது. தாங்களும் பவுனம்மாள் அக்காவும் கிள்ளானில் நல்லபடியாக இருப்பீர்கள், தங்கள் பாத்திரக்கடையில் பொங்கல் பானை வியாபாரம் மும்முரமாக நடக்கும் என்று நம்புகிறேன். இங்கே சீதா நலம். என் நலத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். தாங்கள் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கவும். நான் உட்கார்ந்து எழுதவில்லை. ஒரு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்ச் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். பென்ஷன் ஆபீசுக்கு எழுதுவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஆகையால் படித்ததும் இதைக் கிழித்துவிடவும்.

போன் பண்ணாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு டெலிபோன் சீதாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தங்கள் கடை டெலிபோனை எடுப்பது பவுனம்மாள் அக்கா. அக்காவுக்குத் தெரிந்த விஷயம் அரை மணி நேரத்தில் சீதாவுக்குத் தெரிந்துவிடும். தெருமுனையில் இருக்கும் பொது டெலிபோனுக்குக் காசை விழுங்க மட்டும்தான் தெரியும். எனக்கு வேறு வழியில்லை, மச்சான். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு சட்டி வேண்டும். எண்ணெய் ஊற்றாமல் சமைத்தாலும் ஒட்டாதே, அந்த நான்ஸ்டிக் சட்டி. அது கிடைக்காவிட்டால் நாற்பது பெண்களுக்கு முன்னால் தங்கள் தங்கை தலைகுனிந்து நிற்பாள், அதற்குக் காரணம் நான்தான் என்று ஆகிவிடும்.

முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்பு என் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் கொழுப்பு இருநூற்றுத் தொண்ணூறு என்று சொல்லி, எண்ணெயைக் குறைக்க வேண்டும், தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று இரண்டு கட்டளை போட்டார். முதல் கட்டளையைச் சீதா எடுத்துக்கொண்டாள். இரண்டாவதை என்னிடம் விட்டாள், நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். அந்த வாரமே அடுத்த வீட்டு நர்ஸ் மார்க்கிரட் வீட்டுக்கு ஒரு அம்மாள் வந்து சமைத்துக் காட்டினாளாம். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் முட்டையை உடைத்து ஊற்றிச் சட்டியைச் சாய்த்தாளாம், முட்டை வழுக்கிக்கொண்டு தட்டில் போய் உட்கார்ந்ததாம், பெண்கள் எல்லாம் கைதட்டினார்களாம். இரண்டு வருடமாக வளையலுக்கென்று சேர்த்து வைத்திருந்ததைச் சீதா அன்றைக்கே எடுத்துக் கொடுத்து அந்தச் சட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மார்க்கிரட்டும் வாங்கியது அதே சட்டி, அதே அளவு, அதே பழுப்புக் கைப்பிடி. "வளையல் எங்கே?" என்று கேட்டேன். "வளையல் போட்ட கைய வெச்சு உங்களத் தூக்கி ஆஸ்பத்திரி வண்டியில ஏத்தவா?" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எண்ணெய் சாமி விளக்குக்கு மட்டும். விளக்கைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சட்டியோடு இலவசமாக ஒரு சமையல் புத்தகம் கொடுத்தார்கள், ஏதோ வெளிநாட்டில் அச்சடித்தது, 'கோடைக்கால லேசான உணவுகள்' என்று. "இந்த ஊர்ல கோடை எப்போங்க?" என்று சீதா கேட்டாள். நானும் வேடிக்கையாக, "ஜனவரியிலேர்ந்து டிசம்பர் வரைக்கும்" என்று சொல்லித் தொலைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? தினமும் வெள்ளரிக்காய்த் தயிர், எலுமிச்சை பிழிந்த முட்டைக்கோஸ், ஆவியில் வெந்த மீன், தேங்காய்ப்பால் போடாத குழம்பு. மார்க்கிரட் வீட்டிலிருந்து ஏதாவது வந்தால் அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டாள் சீதா, ஏதாவது வைத்துத்தான் தருவாள். தங்கள் வீட்டுப் பழக்கம்தான். மார்க்கிரட்டும் அப்படியே. முன்பெல்லாம் இங்கிருந்து கேசரி போகும், அங்கிருந்து கோழி வறுவல் வரும். இப்போது வெள்ளரிக்காய் போகிறது, வெள்ளரிக்காய் வருகிறது. போனதே திரும்பி வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம். தாங்க முடியாமல் ஒருநாள் ஸ்டேஷன் பக்கம் போய் இரண்டு வடை தின்றேன். சட்டைப் பையில் எண்ணெய்க் கறை. சீதா திட்டவில்லை, மச்சான். துவைத்து, காயப்போட்டு, மடித்து, அந்தக் கறை மேலே தெரியும்படி என் கட்டிலில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

இதற்கிடையில் கோயில் மாதர் சங்கத்தில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள், பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எண்ணெயில்லாச் சமையல் செய்து காட்டச் சொல்லி. மகள் கல்யாணத்தில் போட்டோவுக்குக் கூப்பிட்டபோது அடுப்படியில் ஒளிந்துகொண்டவள் இப்போது அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "சகோதரிகளே, தோசைக்கு எண்ணெய் எதற்கு?" என்று பேசிப் பழகுகிறாள். கையில் கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொள்கிறாள். ஞாயிறு வரைக்கும் சட்டியைத் தொட மாட்டேன், கீறல் விழும் என்று சொல்லி இட்டிலியாகவே அவித்துத் தள்ளுகிறாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் முகத்தில் இப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை. நான் பாட்டுக்கு இட்டிலியைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

போன சனிக்கிழமை அவள் தங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள் அல்லவா? தாங்கள் எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் நான் இந்த வேலையைச் செய்தேன். வடை தின்ற குற்றம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பொங்கலுக்குப் பாத்திரம் பண்டமெல்லாம் தேய்த்துப் பளபளவென்று வைக்க வேண்டுமே, அவள் வருவதற்குள் நாம் தேய்த்து வைத்தால் மனம் குளிர்வாள் என்று நினைத்தேன். செந்தூல் ரயில்வே பட்டறை ஸ்டோரில் முப்பத்துநாலு வருடம் பித்தளைச் சாமான்களைப் பளபளப்பாக வைத்திருந்தவன் நான். குத்துவிளக்கு, செம்பு, அண்டா எல்லாம் முடித்த பிறகு சமையலறை அலமாரித் தட்டில் இருந்த ஒட்டாத சட்டியை எடுத்தேன். உள்ளே பார்த்தால் ஒரே கறுப்பு. அட பாவமே, எண்ணெயில்லாமல் மூன்று மாதம் வறுத்தால் கரி பிடிக்காமல் என்ன செய்யும் என்று எனக்கு இரக்கம் வந்துவிட்டது. தேங்காய் நார், புளி, செங்கல் பொடி. பேரிலேயே செங்கல் இருக்கும் இந்த ஊரில் அதற்கு என்ன பஞ்சம்? முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் அசையவில்லை. இரண்டாவது மணியில் ஓரம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. மூன்றாவது மணி முடிந்தபோது, மச்சான், சட்டியில் என் முகம் தெரிந்தது. ஜன்னலில் வெயில் படும்படி சாய்த்து வைத்துவிட்டுப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து, காலியான காஸ் தோம்பை மாற்ற காஸ்கடை ஜெயராஜ் வந்தான். தோம்பைத் தோளிலிருந்து இறக்காமலே சட்டியைப் பார்த்தான்.

"என்ன அங்கிள் இது?"

"கரி பிடிச்சிருந்துச்சு ஜெயராஜ். மூணு மணி நேரம் தேய்ச்சேன்."

"ஐயோ அங்கிள்! அது கரி இல்ல லா! அந்தக் கறுப்புதான் அங்கிள் ஒட்டாம வெச்சிருக்கிறதே! அது போனா வெறும் அலுமினியச் சட்டி. என் வைஃப் இரும்புக் கரண்டி போட்டாலே என்னை வெரட்டுவா."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. நான் தேய்த்தது கரியை அல்ல, தங்கள் தங்கையின் வளையலைத் தேய்த்திருக்கிறேன். என் நெஞ்சுக்காக அவள் வாங்கியதை என் கையாலேயே சுரண்டியிருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சட்டியை என் பழைய ரயில்வே தொப்பிப் பெட்டியில் வைத்துத் துணி அலமாரி மேலே ஏற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேடப் புறப்பட்டேன். "எங்கே போறீங்க?" என்றாள் சீதா. "பென்ஷன் ஆபீசுக்கு." "ஞாயித்துக்கிழமையா?" "ஞாயித்துக்கிழமைன்னா கூட்டம் கம்மியா இருக்கும்." "சரி, போய்ட்டு வாங்க" என்று சொல்லி, என் கேன்வாஸ் சப்பாத்தைத் தூசி தட்டி வாசலில் வைத்தாள், குடையும் கொடுத்தாள். என்ன வெள்ளை மனது பாருங்கள். மினி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, நடந்தே மஸ்ஜிட் இந்தியாவுக்குப் போனேன். அங்கே இல்லை. பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் ஒரு சீனக் கடைத் தவுக்கே, நான் காட்டிய சமையல் புத்தகத்தில் இருந்த சட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, "தாடா லா, அங்கிள்" என்று கையை விரித்தார். நேற்று சௌக்கிட் வரைக்கும் நடந்தேன். இன்று காலை பங்சார் வரைக்கும். இந்தச் சட்டி கடைக்கே வராதாம், வீடு வீடாகச் சமைத்துக் காட்டித்தான் விற்பார்களாம். பழைய கறுப்புப் பெயிண்ட் டப்பா ஒன்று வீட்டில் இருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பெயிண்டில் சுட்ட தோசையை நாற்பது பெண்கள் தின்றால் என்ன ஆகும் என்று யோசித்து மூடிவிட்டேன். கவலையில் இளைத்துப் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறேன். மார்க்கிரட்டின் சட்டியை ஒரு நாளைக்குக் கடன் கேட்கலாம்தான். ஆனால் மார்க்கிரட்டிடம் சொல்வதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான்.

ஆகவே மச்சான், தங்களைத்தான் மலைபோல நம்பியிருக்கிறேன். தங்களுக்குப் பாத்திர வியாபாரிகள் எல்லோரையும் தெரியும். இதே சட்டி ஒன்றை எப்படியாவது பிடித்து, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வரும் தங்கள் லோரியில் சனிக்கிழமைக்குள் அனுப்பவும். வீட்டுக்கு வேண்டாம், முடிவெட்டும் கடையில் கொடுத்தால் போதும். அளவு தெரிய வேண்டுமே என்று இந்தத் தாளின் பின்பக்கம் சட்டியைக் கவிழ்த்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டிருக்கிறேன். தாளில் முக்கால் சட்டிதான் அடங்கியது. மீதியைத் தாங்கள் ஊகித்துக்கொள்ளவும்.

வரும் பொங்கல் தங்கள் வீட்டிலும் கடையிலும் பால் பொங்குவது போல எல்லாம் பொங்க வேண்டும் என்று கோர்ட்டுமலைப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். அவரிடம் ஒரு வார்த்தை மூச்சு விட வேண்டாம்.

இப்படிக்கு,
நிம்மதியில்லாத தங்கள் மைத்துனன்,
தம்புசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால் பெட்டி வரைக்கும் போனவன், மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். போகும் வழியில் அந்தப் பெண் மார்க்கிரட் தன் வாசலில் நின்றிருந்தது. தபால் நேரத்துக்குப் போய்ச் சேருமோ சேராதோ என்ற பயத்தில் வாயை விட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் உன் சட்டியைக் கொடு என்று. அது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. "என் சட்டி உங்க வீட்லதானே அங்கிள் இருக்கு? போன வெள்ளிக்கிழமை அதுலதான மீன் வெச்சுக் குடுத்தேன்? வெறும் சட்டியா எப்படித் திருப்பிக் குடுக்கிறதுன்னு ஆன்டி வெச்சிருப்பாங்க."

ஓடினேன், மச்சான். டாக்டர் நடக்கத்தான் சொன்னார், நான் ஓடினேன். சீதா நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். மார்க்கிரட் சொன்னதை நான் மூச்சிரைக்கச் சொன்னதும், எழுந்துபோய்த் தன் அலமாரியைத் திறந்து, புதுத் துண்டில் சுற்றி வைத்திருந்த எங்கள் சட்டியை எடுத்துக் காட்டினாள். ஒரு கீறல் இல்லை. நான் தேய்த்தது மார்க்கிரட்டின் சட்டியை. அது சீதாவுக்குச் சனிக்கிழமையே தெரியுமாம். தொப்பிப் பெட்டி ஏன் இடம் மாறியிருக்கிறது என்று இறக்கிப் பார்த்தாளாம்.

"அப்புறம் ஏன்டி மூணு நாளா என்னை அலைய விட்ட?"

"டாக்டர் சொன்னாரு, நடக்கல. நான் சொன்னேன், நடக்கல. சட்டிக்காக நடந்தீங்க. சனிக்கிழமை வரைக்கும் நடக்கட்டும்னு இருந்தேன்."

"கோவம் வரலையா ஒனக்கு?"

"வந்துச்சு. அப்புறம் சட்டியப் பார்த்தேன். முப்பத்தஞ்சு வருஷத்துல எனக்காக நீங்க தேய்ச்ச மொத பாத்திரம் அது. எவ்வளவு அழகாத் தேய்ச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். எனக்கும் என்னமோ போல ஆகிவிட்டது.

மார்க்கிரட்டுக்குப் புதுச் சட்டி வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை நான் மஸ்ஜிட் இந்தியாவில் அலைந்துகொண்டிருந்தபோதே சீதா தங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாளாம். ஆக, மேலே நான் ரகசியமாக எழுதிய எல்லாமே தங்களுக்கும் அக்காவுக்கும் முன்பே தெரியும். கிள்ளானே சிரித்து முடித்திருக்கும். ஆனாலும் ஒரே ஒரு காரணத்துக்காக இதை அனுப்புகிறேன். புதுச் சட்டியாக இருந்தாலும் மார்க்கிரட்டிடம் அதை வெறுமனே கொடுப்பது முறையில்லை. அக்கா கையால் ஒரு பத்து உளுந்து வடை சுட்டு அதில் வைத்து அனுப்பவும். மார்க்கிரட்டுக்குக் கொழுப்பு இல்லை. முடிவெட்டும் கடையிலிருந்து பத்திரமாக எடுத்துக்கொண்டு போய் நானே கொடுத்துவிடுகிறேன்.

அண்ணே, பென்ஷன் ஆபீஸ் கடுதாசியை நானும் படித்தேன். சட்டியை வீட்டுக்கே அனுப்பவும். வடை வேண்டாம், வெள்ளரிக்காய் வைக்கவும். முடிவெட்டும் கடைக்கு அவர் தினமும் நடந்துபோய், லோரி வந்துவிட்டதா என்று கேட்டு வரட்டும். — சீதா