ஏலராணியின் அசல் ஹாரன்

கடல் இல்லாத ஊருக்குத்தான் கடற்படை அவசியம். கடல் உள்ள ஊர்களைக் கடலே பார்த்துக்கொள்ளும். இந்தப் பேருண்மையை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த நகரம் போடிநாயக்கனூர். கண்டறிந்தவர் ஏலக்காய் வியாபாரியும் 'போடி வட்டாரப் பெருமைக் குழு'வின் தலைவருமான பொன்னுமணி. அவர் கடலை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறார். ராமேஸ்வரத்தில், குளிப்பதற்காக.

சுதந்திர தின ஊர்வலத்துக்காகக் குழு கட்டிய மாதிரிப் போர்க்கப்பலின் பெயர் 'ஏலராணி'. டிராக்டர் டிரெய்லர் மேல் பிளைவுட்டில் எழுந்தருளிய அந்தக் கப்பலுக்குச் சாம்பல் நிற பெயின்ட் இருந்தது, பிளாஸ்டிக் குழாயில் செய்த பீரங்கிகள் இருந்தன. ஹாரன் மட்டும் இல்லை. அந்தத் தேசியப் பொறுப்பு மைக் செட் கன்னையனிடம் வந்து சேர்ந்தது.

கன்னையனுக்கோ அப்போது வேறு கவலை. அவன் தங்கை ரோஜா போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் இருந்தாள். நிறைமாதம். மலையில் யாருக்கு என்ன வந்தாலும் ஜீப்புதான் கதி. அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. சீக்காளியை ஏற்றிக்கொண்டு இறங்கும் ஜீப்பு, ஹாரனில் வைத்த கையை எடுக்காது. அந்த நீட்டு ஹாரன் கேட்டால் பஸ்சு, லாரி எல்லாம் ஓரம் கட்டிவிடும். காய் எடுக்கிறவர்கள்கூட வேலையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவருவார்கள். அடிவாரத்தில் குழுவே ஒரு ஆம்புலன்ஸ் வாங்கி நிறுத்த வேண்டும் என்று எஸ்டேட்காரர்கள் வெகுநாளாகக் கேட்டுவந்தார்கள். குழுவும் அதை ஒவ்வொரு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் இரண்டாவது பொருளாக வைத்து மரியாதை செய்துவந்தது.

அன்றைய கூட்டத்தில் முதல் பொருள் ஹாரன்.

"சத்தத்துல 'அசல்தன்மை' இருக்கணும்," என்றார் தலைவர். "நம்மள்ல கப்பல் சத்தம் கேட்டவுக யாரு?"

ஒச்சப்பன் கை தூக்கினார். தூத்துக்குடித் துறைமுக வாசலில் மூன்று மாதம் பரோட்டா போட்டவர். அந்தக் கணமே அவர் 'கடற்படை ஆலோசகர்' ஆனார்.

"எப்படிண்ணே இருக்கும் அந்தச் சத்தம்?" என்று கேட்டான் கன்னையன்.

"வாயால சொல்ல முடியாதுப்பா. கேட்டா வயித்துக்குள்ள பரோட்டா அசையும்."

"அப்ப அந்த ஆம்புலன்ஸு, தலைவரே…" என்று இழுத்தான் கன்னையன்.

"போர் நேரத்துல ஆஸ்பத்திரியப் பத்தியா பேசுறது? ஒண்ணு முடியட்டும்ப்பா."

ஆராய்ச்சி தொடங்கியது. ரைஸ்மில் சங்கை ஊதினார்கள். கோயில் கொம்பை ஊதினார்கள். லாரி ஏர்ஹாரனை அலறவிட்டார்கள். ஒச்சப்பன் ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் இரண்டு பரோட்டா தின்று வயிற்றைத் தயார் நிலையில் வைத்துக்கொண்டார். "அசையல" என்பதே ஒவ்வொரு முறையும் தீர்ப்பு. கடைசியில் கன்னையன், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கழற்றிப் போட்டிருந்த புகைக்குழாயை லாரி ஹாரனின் வாயில் மாட்டி, முன்னால் மைக்கை வைத்து அழுத்தினான். தலைவரின் குடோனில் மூட்டைகள் நடுங்கின. ஒச்சப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்.

"துறைமுகம்டா!" என்றார். பிறகு நிபுணருக்குரிய அதிருப்தியோடு, "ஆனா கப்பல் சத்தம் போயிட்டுத் திரும்பி வரும். இங்க போனது போனதுதான்" என்றார்.

"திருப்பி அனுப்பத்தான் மலை இருக்கே," என்றார் தலைவர்.

"அண்ணே, மலையில நீட்டு ஹாரன் அடிச்சா…"

"கன்னையா, ஒனக்கு மேடையில பொன்னாடை."

கன்னையனின் கழுத்து தானாகவே நிமிர்ந்துகொண்டது. மீதி வாக்கியத்தை விழுங்கிவிட்டான்.

மறுநாள் காலை, சத்தத்தைச் சோதித்துப் பார்க்க, ஏலராணி போடிமெட்டு ரோட்டின் கொண்டை ஊசி வளைவில் ஏறி, அகலமான ஓரிடத்தில் திரும்பி, போடியைப் பார்த்து மூக்கை நீட்டி நின்றது. எந்த நாட்டுக் கடற்படையும் அதுவரை தொட்டிராத உயரம். கன்னையன் ஸ்விட்சை அழுத்தினான். மலை சத்தத்தை முழுசாக வாங்கி முழுசாகத் திருப்பித் தந்தது.

பஸ்சு ஓரம் கட்டியது. ஜீப்புகள் ஓரம் கட்டின. சரிவில் காய் எடுத்துக்கொண்டிருந்த சுருளியம்மாளும் மற்ற பெண்களும் இடுப்பில் கட்டிய கூடையோடு ஓடிவந்தார்கள்.

"பாருய்யா மக்கள் எழுச்சிய!" என்று மேல்தட்டில் நின்ற தலைவர் சல்யூட் அடித்தார்.

"யாருக்குய்யா? பாம்பா, பிரசவமா?" என்று மூச்சு வாங்கினாள் சுருளியம்மாள்.

"இது கப்பல் ஹாரன் ஆத்தா," என்றான் கன்னையன்.

"கப்பல்ல யாருக்குச் சீக்கு?"

"யாருக்கும் இல்ல. அசல் சத்தம் வருதான்னு பாக்குறோம்."

சுருளியம்மாள் பீரங்கியைப் பார்த்தாள். தலைவரைப் பார்த்தாள். "சோலிகெட்டவனுக," என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினாள்.

தலைவர் மறுபடி அடிக்கச் சொன்னார். மறுபடியும் ஓடிவந்தார்கள், இந்த முறை கெட்ட வார்த்தைகளோடு. மூன்றாம் முறை ஒருவரும் வரவில்லை. "இனிமே எவன் ஹாரன் அடிச்சாலும் ஒதுங்குனா நான் மனுசனில்ல," என்று பஸ் டிரைவர் நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்தார். லாரியும் ஜீப்புகளும் அவர் பின்னால் அணிவகுத்தன.

அப்போது மேலேயிருந்து இன்னொரு ஹாரன் கேட்டது. நீளமாக வந்து, கடைசியில் சளி பிடித்ததுபோல் கரகரத்தது.

"எதிரொலி இப்பத்தான்யா முழுசா வருது!" என்று பரவசப்பட்டார் தலைவர் பக்கத்தில் நின்ற ஒச்சப்பன்.

கன்னையனின் கை ஸ்விட்சில் இல்லை. "எதிரொலி இல்லண்ணே. எங்க மாப்ள சின்ராசு ஜீப்பு. உள்ள என் தங்கச்சி!"

ரோட்டில் ஒரு சக்கரமும் அசையவில்லை. "கப்பலு வருதுடோய்!" என்று டிரைவர்கள் சிரித்தார்கள்.

கன்னையன் மைக்கைப் பிடித்தான். மைக் கைக்கு வந்தால் அவனுக்கு ஒரே நடைதான் வரும். "அன்பார்ந்த வாகன ஓட்டிகளே! எனது அருமைத் தங்கை ரோஜா அவர்கள் பிரசவ வலியோடு இவ்வழியே வருகை தருகிறார்கள். அன்னாருக்கு… டேய், ஒதுங்குங்கடா! கப்பல் இல்லடா, என் தங்கச்சிடா!"

முதலில் ரோட்டுக்கு வந்தவள் சுருளியம்மாள். பஸ்சின் விலாவில் ஓங்கி அறைந்தாள். "எடுடா வெரசா!" பீடி விழுந்தது, பஸ்சு ஒதுங்கியது, லாரி ஒதுங்கியது. சுருளியம்மாள் ஜீப்பில் தாவி ஏறி ரோஜாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒதுங்க முடியாத ஒரே வாகனம் ஏலராணி. ஆகவே அது முன்னால் ஓட வேண்டியதாயிற்று.

டிராக்டர் சரிவில் பறந்தது. கன்னையன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வளைவுக்கு ஒன்றாகப் பீரங்கிகள் பள்ளத்தில் வீரமரணம் எய்தின. "தலைவர் மேல இருக்கேன்டா! நிறுத்துங்கடா!" என்ற கட்டளை காற்றோடு போனது. போடி பஜாரே இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. ஒத்திகை என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரி வாசல் வளைவில் தன் கொடிமரம் மாட்டி, கப்பல் நங்கூரமிட்டது. தூணுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே ரோஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல் வீறிட்டது. பெண் குழந்தை. ஒச்சப்பன் வயிற்றில் கைவைத்துக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"அசையுதுப்பா," என்றார். "இதுதான் அசல்."

சுதந்திர தின மேடையில் பொன்னாடை தலைவருக்குப் போர்த்தப்பட்டது. ஆபத்தில் கப்பலைக் கைவிடாமல் இறுதிவரை மேல்தட்டிலேயே இருந்ததற்காக. கன்னையன் அவருக்கு மைக்கின் உயரத்தைச் சரிசெய்து கொடுத்தான்.

"மலை மக்கள் ஆம்புலன்ஸ் கேட்டாங்க," என்று முழங்கினார் தலைவர். "நம்ம ஏலராணி அவுகளப் பத்திரமா இறக்கிக் கொண்டாந்து அந்தக் குறையத் தீர்த்துருச்சு! ஆகவே, ரெண்டாவது பொருள் இன்னியோட முடித்துவைக்கப்படுகிறது!"

கைதட்டல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

ஏலராணி இப்போது தார்ப்பாய் போர்த்தி, தலைவரின் குடோனில் பத்திரமாக இருக்கிறது. பூட்டின் சாவி அவர் இடுப்பில். மலையில் அடுத்து வலி எடுக்கிறவர்கள் ஆகஸ்ட் பதினைந்து வரை பொறுத்துக்கொண்டால் போதும்.